பாலஸ்தீன நிலத்தின் வில்லங்கம் எங்கே தொடங்கியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஸாவிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் செய்தி வரும்போதெல்லாம், நம் நாளிதழ்களின் கட்டுரைகளிலும் வாசகர் கடிதங்களிலும் ‘மூவாயிரம் ஆண்டுப் பகை’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. ஆபிரகாமின் பிள்ளைகளுக்கு இடையிலான பங்காளிச் சண்டை என்றுகூட எழுதுகிறார்கள். அப்படி எழுதிவிட்டால் யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆனால் இது விசாரிக்கக் கூடிய வழக்கு. நிலம் யார் பெயரில் பதிவானது, யார் உழுதார், யார் விற்றார், யார் வெளியேற்றப்பட்டார் என்பதற்கெல்லாம் ஆவணங்கள் இருக்கின்றன. அந்த வில்லங்கத்தை 1858 வரை பின்னோக்கிப் பார்த்தால் போதும். ஆபிரகாம் வரை போக வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாலஸ்தீனம் ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் இருந்தது. ஜெருசலேம், ஹெப்ரான், ஸஃபேத், திபேரியாஸ் ஆகிய ஊர்களில் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். கலவரமே இல்லை என்று சொல்ல மாட்டேன்; 1834-ல் ஸஃபேத்தில் யூதர் வீடுகள் சூறையாடப்பட்டன. ஆனால் ‘இந்த நாடு எந்த மக்களுக்குச் சொந்தம்’ என்ற கேள்வி அன்று எழவில்லை. 1880 வாக்கில் மொத்த மக்கள் சுமார் 5 லட்சம். யூதர்கள் 25,000 அளவில்.

ஒட்டோமான் அரசு 1858-ல் நிலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்தது. ‘முல்க்’ என்பது முழு உரிமை நிலம். பெரும்பாலும் வீட்டுமனை, தோட்டம். ‘வக்ஃபு’ நமக்குத் தெரிந்ததுதான். ‘மத்ரூக்கா’ என்பது பாதை, பொது மேய்ச்சல் போன்ற ஊர்ப் பொதுநிலம். ‘மவாத்’ என்றால் இறந்த நிலம்: ஊர் எல்லையில் நின்று உரத்துக் கூவினாலும் குரல் கேட்காத தூரத்தில் கிடக்கும் தரிசு. உழவு நிலத்தில் பெரும்பகுதி ஐந்தாவது வகையான ‘மிரி’. இதில் மூல உடைமை அரசுடையது, அனுபவ உரிமை உழுபவருடையது. (நம் ‘மிராசு’வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது வாரிசுரிமை என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இது அமீருடையது, அதாவது அரசுடையது என்ற பொருளில் வந்தது.) மிரி நிலத்தை மூன்று ஆண்டுகள் தரிசாகப் போட்டால் அரசு அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். பத்து ஆண்டுகள் தகராறின்றி உழுது அனுபவித்தால் உழுதவருக்கு உரிமை நிலைக்கும். இந்த இரண்டு விதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். நூறு ஆண்டு கழித்து இவை மீண்டும் வரும்.

அனுபவ உரிமையை ‘தாப்பு’ என்ற பதிவேட்டில் தனித்தனிப் பெயரில் பதிய வேண்டும் என்றது அரசு. சிக்கல் இங்கேதான் தொடங்கியது. பல ஊர்களில் நிலம் ‘முஷா’ முறையில் இருந்தது. ஊர் நிலம் முழுவதும் பங்குகளாக எண்ணப்படும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சீட்டுப் போட்டுத் துண்டுகளை மாற்றிக்கொள்வார்கள். இந்த ஆண்டு உழும் துண்டு அடுத்த சுற்றில் வேறொருவருக்குப் போகும் என்றால், எதைத் தன் பெயரில் பதிவது? போதாக்குறைக்கு, பதிவேட்டில் பெயர் ஏறினால் வரிக்காரன் வருவான், பிள்ளையைப் படைக்குப் பிடிக்க ஆள் வருவான் என்ற பயம். ஊர் நிலத்தை மொத்தமாக ஓரிருவர் பெயரில் எழுதக் கூடாது என்று சட்டத்தின் 8-ஆம் பிரிவே தடுத்திருந்தது. ஆனால் நடந்தது அதுதான். வரி கட்ட வசதியுள்ள நகரத்துப் பெரிய மனிதர் பெயரில் நிலம் பதிவானது. உழுதவர் அதே வயலில் அதே ஏரோடு நின்றார். தன் காலடியில் இருந்த நிலம் சட்டப்படி கைமாறிவிட்டதை அவர் உணரவில்லை. 1867-ல் வெளிநாட்டவரும் நிலம் வாங்கலாம் என்று வழி திறக்கப்பட்டது.

பைபிள் வாசிப்பவர்கள் அறிந்த யெஸ்ரயேல் சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் மர்ஜ் இப்ன் அமீர். அதன் பெரும்பகுதியை 1869-லிருந்து சில ஆண்டுகளுக்குள் பெய்ரூட்டின் ஸுர்ஸுக் என்ற வணிகக் குடும்பம் அரசிடமிருந்து வாங்கியது. உழுத குடிகள் ஒரே நாளில் குத்தகைதாரர் ஆனார்கள். 1910-ல் இந்தக் குடும்பம் அல்-ஃபூலா என்ற ஊரின் நிலத்தை யூதக் குடியேற்ற அமைப்புக்கு விற்றது. நாசரேத்தின் ஒட்டோமான் அதிகாரி ஷுக்ரி அல்-அஸலி பத்திரத்தை ஒப்படைக்க மறுத்தார், பத்திரிகைகளில் எழுதினார், அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்துக்கே போய்ப் பேசினார். விற்பனை நிற்கவில்லை. மெர்ஹாவியா என்ற குடியிருப்பு 1911-ல் அங்கே எழுந்தது. 1921-லிருந்து 1925-க்குள் சமவெளியில் அக்குடும்பத்துக்கு இருந்த பெரும்பகுதி நிலமும் விற்பனையானது.

வாங்கியவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. 1881-ல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்ட பின் யூதர்கள்மேல் கலவரங்கள் ஏவப்பட்டன. 1903-ல் கிஷினேவில் படுகொலை நடந்தது. சம உரிமை தந்ததாகப் பெருமை பேசிய பிரான்சில் 1894-ல் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிமேல் பொய் வழக்குப் போட்டார்கள். ஐரோப்பாவில் யூதருக்குப் பாதுகாப்பான இடம் இல்லை என்ற முடிவுக்கு வந்தவர்கள் 1897-ல் பாசல் நகரில், யூதருக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்ற சியோனிஸ்ட் இயக்கத்தின் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். தப்பிக்க இடம் தேடியவர்கள் அவர்கள். வந்து சேர்ந்த இடமோ காலியாக இல்லை. இதை அவர்களில் ஒருவரான சிந்தனையாளர் அஹத் ஹாஆம் 1891-லேயே நேரில் பார்த்து எழுதினார்: விதைக்காத வயல் அங்கே கிடைப்பது அரிது என்று. ஜெருசலேமின் முன்னாள் நகரத் தலைவர் யூசுஃப் ஸியா அல்-காலிதி 1899-ல் பிரான்சின் தலைமை ரப்பிக்கு (யூத மதகுருவுக்கு) மடல் எழுதினார். யூதரின் துயரத்தையும் அந்த மண்ணோடு அவர்களுக்குள்ள பந்தத்தையும் ஏற்றுக்கொண்டே, பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். குடியேற்றத்தால் அரபியருக்கு நன்மையே விளையும் என்று சியோனிஸ்ட் இயக்கத் தலைவர் தியோடர் ஹெர்ஸல் பதில் எழுதினார். இந்த இரண்டு மடல்களையும் நம் மாணவர்கள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நிலம் விற்பதும் வாங்குவதும் உலகெங்கும் நடப்பதுதானே, இதில் என்ன தகராறு என்று கேட்கலாம். பழைய முறையில் முதலாளி மாறுவார், குடி மாறாது. இங்கே அது மாறியது. 1901-ல் தொடங்கப்பட்ட யூத தேசிய நிதி வாங்கிய நிலத்தைத் திரும்ப விற்க முடியாது. யூதருக்கு மட்டும் 49 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். அதன் குத்தகை ஒப்பந்தத்தில், வேலைக்கு யூதரைத் தவிர வேறு யாரையும் வைத்தால் ஒவ்வொரு முறைக்கும் 10 பாலஸ்தீன பவுண்டு அபராதம், மூன்று முறை மீறினால் நிலத்தையே திரும்பப் பெறலாம் என்றும் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பாலஸ்தீனம் ஒட்டோமானியரிடமிருந்து பிரிட்டிஷ் ஆட்சிக்குப் போனது. 1930-ல் அந்த அரசுக்காக ஆய்வு நடத்திய ஜான் ஹோப் சிம்ப்ஸன் தன் அறிக்கையில் இந்த விதியை எடுத்துக்காட்டினார். பிரான்சின் யூதச் செல்வந்தர் பாரன் ரோத்ஸ்சைல்ட் உதவியில் வளர்ந்த பழைய யூதக் குடியிருப்புகளில் அரபியர் கூலி வேலை பார்த்தார்கள், அங்கே உறவு பரவாயில்லை என்றும் குறித்தார். நிலத்தோடு வேலையையும் சேர்த்து இழந்த இடங்களில்தான் பகை வேர்விட்டது.

குடிகளைக் காக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. 1920-ல் பிரிட்டிஷார் போட்ட சட்டப்படி, குத்தகைதாரருக்குப் பிழைக்கப் போதுமான நிலம் மிஞ்சினால்தான் கைமாற்றத்துக்கு அனுமதி. வாங்குபவர்கள் இதற்கு எளிய வழி கண்டார்கள். காலி நிலமாகத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று விற்பவரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். குடிகளுக்குக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்துப் பதிவுக்கு முன்பே வெளியேற்றுவது விற்பவரின் பொறுப்பானது. பதிவு அலுவலகத்துக்கு ஆவணம் வரும்போது, காக்கப்பட வேண்டிய குத்தகைதாரர் என்று யாருமே அங்கே இல்லை. 1929 சட்டம் நிலத்துக்குப் பதில் முன்னறிவிப்பும் இழப்பீடும் போதும் என்று இறங்கிவந்தது. கூலிக்கு உழுதவரும் ஆடு மேய்த்தவரும் அதன் வரையறைக்குள் வரவில்லை. அதே ஆண்டு, கடலோரத்தில் வாதி ஹவாரித் என்ற இடத்தில் சுமார் 30,000 துனம் (ஒரு துனம் 1,000 சதுர மீட்டர், நான்கு துனம் ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நிலம் ஒரு லெபனான் குடும்பத்தின் அடமானக் கடனுக்காக நீதிமன்ற ஏலத்துக்கு வந்து, யூத தேசிய நிதியின் கைக்குப் போனது. அங்கே இருந்த நாடோடி மேய்ச்சல் குடிகள் வழக்காடி வழக்காடி 1933-ல் வெளியேற்றப்பட்டார்கள். நிலமிழந்தோர் பட்டியல் ஒன்றைப் பிரிட்டிஷார் எடுத்தபோது 3,271 மனுக்கள் வந்தன; 664 மட்டுமே ஏற்கப்பட்டன. குத்தகை நிலம் யூதருக்குக் கைமாறியதால் வெளியேறி, வேறு நிலமோ வேலையோ கிடைக்காதவர் என்று மூன்றும் பொருந்தினால்தான் அவர் நிலமிழந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்துவிட்டால் அவர் பட்டியலில் இல்லை.

விற்றவர்கள் யார் என்பதையும் மறைக்கக் கூடாது. 1936 வரை விற்பனையாளர் விவரம் பதிவான நிலத்தில் பாதிக்கு மேல் பெய்ரூட், டமாஸ்கஸ் போன்ற வெளியூர்களில் வாழ்ந்த நிலக்கிழார்களிடமிருந்து வந்தது. சுமார் கால்பங்கு உள்ளூர்ப் பெருநிலக்கிழார்கள் விற்றது. விவசாயிகள் நேரடியாக விற்றது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேடையில் எதிர்த்துப் பேசிவிட்டு மறைவில் விற்ற பாலஸ்தீனத் தலைவர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்தது தம் மக்களுக்குச் செய்த துரோகம்.

இந்தத் தகராறை அரசியல் ஆக்கியது பிரிட்டன். 1917 நவம்பர் 2 தேதியிட்ட பால்ஃபர் அறிவிப்பு 67 சொற்கள்தான். யூத மக்களுக்குத் ‘தேசிய இல்லம்’ அமைய ஆதரவு தருவதாகச் சொன்னது. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்காக இருந்தவர்களை ‘அங்குள்ள யூதரல்லாத சமூகங்கள்’ என்று குறித்தது. அவர்களுக்குக் குடியியல் உரிமைகளும் மத உரிமைகளும் உண்டு என்றது; அரசியல் உரிமை பற்றிப் பேசவில்லை. அரபியர் என்ற சொல்லே அதில் இல்லை. 1922-ல் சர்வதேச சங்கம் ஏற்ற, பாலஸ்தீனத்தை ஆளப் பிரிட்டனுக்கு அதிகாரம் தந்த ஆணையுரிமை ஆவணம் இதை அப்படியே உள்வாங்கிக்கொண்டதோடு, அரசு நிலத்திலும் தரிசு நிலத்திலும் யூதர் நெருங்கிக் குடியேற ஊக்கம் தரவேண்டும் என்று 6-ஆம் பிரிவில் எழுதியது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மொத்தம் 7,57,182 பேர். யூதர் 83,794, நூற்றுக்கு 11. 1931-ல் நூற்றுக்கு 17. 1924-ல் அமெரிக்கா குடியேற்றக் கதவைச் சாத்தியது. 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் வந்தார். 1935 ஒரே ஆண்டில் 60,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் வந்திறங்கினார்கள். அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. அரபியருக்கோ, தம் நாட்டில் தாம் சிறுபான்மையாகும் நாளை எண்ணிவிட முடிந்தது. இரண்டும் உண்மை.

ரத்தம் அதற்கு முன்பே சிந்தத் தொடங்கியிருந்தது. 1929 ஆகஸ்டில் ஜெருசலேமின் மேற்குச் சுவரில் வழிபாட்டு உரிமைத் தகராறு முற்றி, ஒரு வாரத்தில் 133 யூதரும் 116 அரபியரும் இறந்தார்கள். ஹெப்ரானில் மட்டும் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தலைமுறைகளாக அவ்வூரில் இருந்த சமூகம் அது. சில யூதர்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த அரபுக் குடும்பங்களும் அங்கேயே இருந்தன. 1936-ல் ஆறு மாதம் நீடித்த அரபு வேலைநிறுத்தமும் 1939 வரை ஓடிய கிளர்ச்சியும் பிரிட்டிஷ் படையால் நசுக்கப்பட்டன. அதில் பாலஸ்தீனத் தலைமை சிதறிப்போனது, 1948-ல் அதன் விலை தெரிந்தது.

இங்கே ஒரு வரைபடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பச்சை நிறம் படிப்படியாகச் சுருங்கி வெள்ளை நிறம் பெருகும் நான்கு படங்கள். நம் இதழ்களிலும் அடிக்கடி அச்சாகின்றன. முதல் படம் 1946-ல் யூதர் விலைக்கு வாங்கிய நிலத்தை வெள்ளையாகவும் மீதி அனைத்தையும் பாலஸ்தீனர் நிலமாகவும் காட்டுகிறது. இரண்டாவது, ஐ.நா. பிரிவினைத் திட்டம். மூன்றாவது, போர் நிறுத்தக் கோடு. நான்காவது, இன்றைய ஆளுகை. விலைப் பத்திரம், முன்மொழிவு, போர்க்கோடு, ஆளுகை என்று நான்கு வெவ்வேறு அளவுகோல்களை ஒரே நிறத்தில் பூசியிருக்கிறார்கள். நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 2 கோடியே 63 லட்சம் துனம். 1945-ல் யூதர் பெயரில் இருந்தது சுமார் 15 லட்சம் துனம், அதாவது நூற்றுக்கு ஆறு. அதனால் மீதி 94 பங்கும் பத்திரப்படி அரபியருடையது என்று ஆகிவிடாது. பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பு, 1 கோடியே 25 லட்சம் துனம், பெயர்ஷேபா மாவட்டப் பாலைவனம். அங்கே பதிவே ஏறக்குறைய இல்லை. இஸ்ரேல் தரப்பின் ‘எழுபது சதவீதம் அரசு நிலம், வாரிசாக வந்த அரசுக்கு அது போனது சரிதான்’ என்ற வாதமும் இதே ஓட்டையில் நுழைகிறது. பதிவாகாத நிலம் என்றால் யாரும் ஆளாத நிலம் என்று பொருளல்ல. 1928-ல் பிரிட்டிஷார் ஊர் ஊராக அளந்து பட்டா தரத் தொடங்கி, ஆட்சி முடிவதற்குள் முடித்தது சுமார் 50 லட்சம் துனம்தான். தரிசைத் திருத்தியவர்கள் இரண்டு மாதத்துக்குள் வந்து பதிய வேண்டும் என்ற 1921 ஆணையைக் கேட்டுப் போனவர்கள் பெதூயின் என்ற பாலைவன மேய்ச்சல் குடிகளில் மிகச் சிலர். பாலஸ்தீனர் இழந்த நிலத்தைக் காட்ட இந்தக் குழப்பப் படம் தேவையில்லை. உண்மைக் கணக்கே போதுமான அளவுக்குக் கனமானது.

1947-ல் பிரிட்டன் கைகழுவியது. ஐ.நா. அமைத்த பதினோரு நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. இந்தியப் பிரதிநிதி சர் அப்துர் ரஹ்மான், ஈரான், யூகோஸ்லாவியப் பிரதிநிதிகளோடு சேர்ந்து, பிரிக்காமல் கூட்டாட்சியாக வைக்கலாம் என்ற சிறுபான்மைத் திட்டத்தை ஆதரித்தார். பிரிவினையின் வேதனையை அதே மாதங்களில் அனுபவித்த நாடு சொன்ன யோசனை அது; எடுபடவில்லை. நவம்பர் 29 அன்று 33 நாடுகள் பிரிவினைக்கு ஆதரவாக வாக்களித்தன, 13 எதிர்த்தன, 10 ஒதுங்கின. இந்தியா எதிர்த்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நிலத்தில் சுமார் 55 சதவீதம் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பாலைவனம். யூத அரசு என்று கோடு கிழித்த பகுதிக்குள் சுமார் 5 லட்சம் யூதரும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட அரபியரும் இருந்தார்கள். யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்தது. போர் மூண்டது. 1948 ஏப்ரல் 9-ல் ஜெருசலேமுக்கு அருகே தெய்ர் யாஸீன் என்ற அரபு ஊரில் யூத ஆயுதக் குழுக்கள் ஊர்மக்களைக் கொன்றன. நான்கு நாள் கழித்து ஹதாஸா மருத்துவமனைக்குப் போன வாகன வரிசையை அரபியர் தாக்கி 78 பேரைக் கொன்றார்கள். இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்ட மே 14-க்கு முன்பே ஹைஃபாவிலும் யாஃபாவிலும் இருந்த அரபியரில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். மறுநாள் அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. போர் முடிந்தபோது 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர் அகதிகள். 400-க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப்போயின. இஸ்ரேல் வசம் 78 சதவீத நிலம்.

அப்புறம் மீண்டும் பத்திரம். 1950 மார்ச்சில் இஸ்ரேல் இயற்றிய ‘வராதோர் சொத்துச் சட்டம்’, 1947 நவம்பர் 29-க்குப் பின் எதிரி நாட்டுக்கோ எதிரிப் படை வசமிருந்த பகுதிக்கோ போனவரின் சொத்து முழுவதையும் ‘கஸ்டோடியன்’ என்ற அரசுப் பொறுப்பாளர் வசம் ஒப்படைத்தது. அதே 1950-ல் இந்தியாவும் பாகிஸ்தானுக்குப் போனவர்களின் சொத்துக்குக் கஸ்டோடியன் வைத்துச் சட்டம் போட்டதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். இஸ்ரேலியச் சட்டத்தின் வலை இன்னும் அகலமானது. சண்டைக்கு அஞ்சிப் பக்கத்து ஊருக்குப் போய்ச் சில நாளில் திரும்பி, இஸ்ரேலியக் குடிமகனாகவே ஆனவரும் தன் வீட்டைப் பொறுத்தவரை ‘வராதவர்’. இவர்களுக்கு ‘இருந்தும் வராதோர்’ என்றே பெயர் விழுந்தது. வடக்கே இக்ரித் என்ற கிறிஸ்தவ ஊரை 1948 நவம்பரில் இரண்டு வாரத்துக்கு என்று சொல்லிக் காலி செய்யவைத்தார்கள். திரும்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 1951 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவாலயத்தைத் தவிர ஊர் முழுவதையும் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. இதற்கு எதிர்ப்பக்கமாக, 1950-51-ல் ஈராக்கிலிருந்து சுமார் 1,20,000 யூதர்கள் குடியுரிமையைத் துறந்து வெளியேறினார்கள். அவர்கள் சொத்தை ஈராக் அரசு முடக்கியது. பாக்தாதில் வீட்டை இழந்தவருக்கு யாஃபாவில் வீடு. யாஃபாவில் இழந்தவருக்கு காஸாவில் கூடாரம்.

முதலில் குறித்த இரண்டு விதிகளுக்கு வருகிறேன். 1967-ல் மேற்குக் கரை இஸ்ரேல் வசமானபோது அதன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அதுவரை அதை ஆண்ட ஜோர்தான் அரசு பட்டா கொடுத்து முடித்திருந்தது. 1968-ல் ராணுவ ஆணை 291 அந்தப் பணியை நிறுத்திவைத்தது. ராணுவத் தேவை என்று தனியார் நிலத்தை எடுத்துக் குடியிருப்பு அமைக்க முடியாது என்று 1979-ல் எலோன் மோரே என்ற குடியிருப்பு பற்றிய வழக்கில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் தடுத்தது. அரசு உடனே வழியை மாற்றியது. எடுத்தது 1858 சட்டத்தை! பத்தாண்டு இடைவிடாமல் உழுததற்குச் சான்று இல்லையா, மூன்றாண்டு தரிசாகக் கிடந்ததா, ஊரிலிருந்து தள்ளியிருக்கிறதா: அப்படியானால் அது அரசு நிலம். இஸ்ரேலுக்குள் 1969-ல் புதிய நிலச் சட்டம் வந்து இந்தப் பழைய சட்டம் போய்விட்டது. மேற்குக் கரையில் இன்றும் அது நடப்பில் உள்ளது. இந்த வழியில் 9 லட்சம் துனத்துக்கும் மேல் அரசு நிலமாயின. 2024-ல் ஜோர்தான் பள்ளத்தாக்கில் ஒரே அறிவிப்பில் 12,700 துனம்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது? வான்படங்களை வைத்து ஒரு துண்டில் பாதிக்கு மேல் உழவு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பாறைகளுக்கு நடுவே கிடைத்த மண்ணில் ஒலிவ மரமும் கோதுமையும் வைக்கும் மலைச்சரிவில் அந்தப் பாதி எப்போதும் தேறாது. பாறையும் கணக்கில் சேர்கிறதே. அறிவிப்பு வந்த 45 நாளுக்குள் ராணுவ மேல்முறையீட்டுக் குழுவிடம் போகவேண்டும். நில அளவையாளரின் வரைபடம் வேண்டும், பழைய வரி ரசீது வேண்டும், பத்தாண்டு உழவுக்குச் சாட்சி வேண்டும். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்ற பதில் வரும். நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் உழுபவருடையது. அவருடைய பாட்டனார் எந்தப் பதிவேட்டுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தாரோ, அதே பதிவேட்டில் பெயர் இல்லாததைக் காட்டித்தான் இன்றும் அவரிடம் கேட்கிறார்கள்.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை இதைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது ‘மூவாயிரம் ஆண்டு’ என்ற தொடரை நீக்கி, 1858, 1920, 1950, 1968 ஆகிய ஆண்டுகளின் இந்த நான்கு சட்டங்களைப் பற்றிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி தந்தால் போதும். துனத்தை ஏக்கராக மாற்றியும் போடுங்கள். நம் ஊரில் நிலத்தின் அளவு எல்லோருக்கும் புரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்